வேஸ்ட்கேட்: 'கழிவு வாயில்' வேண்டாம், 'வான்கதவு' எப்படி?

திருகோணமலையிலிருந்து:

வணக்கம்.

> வேஸ்ட்கேட் = கழிவு வாயில்

நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் இந்தச் சொல் எனக்கு ஒத்துவரவில்லை. எஞ்சின் புகையால் சுழலி சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது டர்போ; அதில் உள்ள ஒரு கதவுதான் வேஸ்ட்கேட். ஏனென்று சொல்ல ஒரு பழைய காரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மச்சானிடம் ஒரு கேஈ70 கொரோலா நிற்கிறது. 4கே எஞ்சின், 1290 சிசி, காபரேற்றர். டெலிக்கா வான் ஒன்றின் 2.5 லீற்றர் டீசல் எஞ்சினிலிருந்து கழற்றிய டர்போவை அதில் பூட்டுவதென்று அவனும் கராஜ் பாஸும் முடிவெடுத்துவிட்டார்கள். அளவு சரிவருமா என்று கேட்டேன். பாஸ் மட்டையொன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2.5 லீற்றர் எஞ்சின் 4000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5000 லீற்றர் இழுக்கும், 1.29 லீற்றர் எஞ்சின் 6000 சுற்றில் 3870 லீற்றர். "டர்போ கொஞ்சம் பெரிசுதான் அண்ணை, பிந்தித்தான் முழிக்கும்" என்றார்.

முழித்தது. நிலாவெளி வீதியில் ஓடிப் பார்த்தபோது, டர்போவின் காற்றமுக்கத்தைக் காட்டும் முள், 6 பி.எஸ்.ஐ.யில் நிற்க வேண்டியது, 11க்கு ஏறியது. தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல எஞ்சின் நொக் பண்ணத் தொடங்கியது. மச்சான் பயந்து காலை எடுத்தான். உடனே டர்போ புறா குமுறுவது மாதிரி 'குருகுரு' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

டீசலில் அந்த 11 பெரிய விஷயமில்லை. அங்கே வெறும் காற்றுத்தான் அமுங்குகிறது, டீசல் கடைசியில்தான் பீச்சப்படுகிறது. பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் கலந்தே அமுங்குகின்றன. அமுக்கமும் சூடும் அளவு கடந்தால் தீச்சுடர் வந்து சேருமுன்பே கலவையின் மிச்சம் தானாக வெடிக்கும். பிஸ்டன் ஓட்டையாகும், ஹெட் கஸ்கட் போகும். புகையின் சூடும் வேறு. டீசலில் முழுப் பாரத்தில் 700 பாகை செல்சியஸ் அளவில் நிற்பது பெற்றோலில் 900ஐத் தாண்டும். அதனால்தான் டீசல் டர்போவின் இரும்புக் கூடு பெற்றோல் எஞ்சினில் நாளடைவில் வெடிப்பு விடுகிறது.

சரி, முள் ஏன் 11க்குப் போனது? டர்போவைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார் பாஸ். சுழலிக்குப் போகும் புகைப்பாதையின் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு மூடி. காற்றமுக்கம் கூடினால் பக்கத்துப் பேணிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, தண்டு நகர்ந்து, மூடி திறக்கும். புகையில் ஒரு பங்கு சுழலியைத் தொடாமல் நேரே சைலன்சருக்குப் போய்விடும். டீசலுக்கென்று வைத்த ஸ்பிரிங் 6க்கு அசையவே இல்லை. அசைந்து முழுதாகத் திறந்த பிறகும், 6000 சுற்றில் வரும் புகைக்கு அந்தச் சின்னத் துவாரம் போதவில்லை. பாஸ் துவாரத்தைக் கிரைண்டரால் பெருப்பித்து, பெரிய மூடி வைத்து, மெல்லிய ஸ்பிரிங் போட்டார். இப்போது 6ல் நிற்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். சுழலியைச் சுற்றிவிட்டுப் போகும் புகையும் கழிவுதான், சுற்றாமல் போவதும் கழிவுதான். 'கழிவு' என்ற சொல் இந்த உறுப்பை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டவே இல்லை. கராஜில் சொல்லிப் பார்த்தேன். பெடியன் பின்பக்கத்துக் கக்கூசைக் காட்டினான்.

உண்மையில் இது மிஞ்சினதைப் போகவிடும் கதவு. எங்கள் மாவட்டத்தில் அதற்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது. மாரியில் கந்தளாய்க் குளம் நிரம்பினால் 'வான்கதவு திறந்துவிட்டார்கள்' என்பது செய்தி. தம்பலகாமத்து வயலுக்கு அளந்து விடுவது துருசு. குளக்கட்டைக் காப்பாற்ற மிஞ்சினதை விடுவது வான். ஆகவே வேஸ்ட்கேட் = வான்கதவு.

ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். இங்கே வான் என்றால் வாகனமும்தான். 'டெலிக்கா வான் டர்போவின் வான்கதவு' என்று எழுதினால் பின்கதவைக் கழற்றிக்கொண்டு வந்து தருவார்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கோ வான் என்றால் ஆகாயம். போனமுறை சென்னை நண்பர் 'டர்போவின் தாங்கிக்கு எண்ணெய் ஓட்டம் முக்கியம்' என்று எழுதியபோது எனக்கு வந்த குழப்பம் நினைவிருக்கும். அவர் சொன்னது பெயரிங்கை. திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி என்றால் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த தாங்கிகள்தான்.

அந்தக் 'குருகுரு'வையும் மறக்க வேண்டாம். டீசலில், காலை எடுத்ததும் காற்றுப் பாதையை அடைக்கும் திரொட்டில் மூடி இல்லாததால் அந்த டர்போவோடு காற்றுப் பக்கம் திறக்கும் வால்வு வராது. பெற்றோலில் காலை எடுத்ததும் போக வழியில்லாத காற்று திரும்பிவந்து அமுக்கியின் இறக்கையில் மோதுகிறது. அதற்கு வைக்கும் டம்ப் வால்வுக்கும் சேர்த்துச் சோடியாகச் சொல் வேண்டும்: புகைவான், வளிவான்?

மதுரையிலிருந்து:

ஐயா, புகைவான் என்றதும் தீபாவளி மறுநாள் ஆகாயம்தான் கண்ணில் வந்தது. எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்தால் 'மறுகால் பாயுது' என்போம். வாய்க்காலில் வருகிற அதே கால்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புகைக்கு இரண்டு கால்: ஒன்று சுழலி வழியாக, இன்னொன்று அதைத் தொடாமல். வேஸ்ட்கேட்டுக்கு 'புகை மறுகால்', மற்றதற்குக் 'காற்று மறுகால்' என்று வைத்தால் என்ன? கலுங்கு என்றும் சொல்லலாம், ஆனால் அது அந்தக் கல்கட்டைக் குறிக்கும், வழியைக் குறிக்காது.

திருகோணமலையிலிருந்து:

மறுகால் நல்ல சொல். முக்கியமாக, உறுப்புகளைப் பிரித்துச் சொல்ல முடிகிறது: துவாரம் மறுகால் வாய், மூடி மறுகால் கதவு. பாஸ் பெருப்பித்தது வாயை, மாற்றியது கதவை. 'வான்கதவு' வைத்துக்கொண்டு இதைச் சொல்லப் போனால் நாக்கு சிக்குகிறது. பட்டியலில் மறுகாலையே போடுவோம். காற்று என்பதற்குப் பதில் எங்கள் பாடப்புத்தக 'வளி'யை எடுத்தால் எனக்கு மகிழ்ச்சி. அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் கராஜில் சொல்லிப் பார்த்தேன். "மறுகாலோ? எந்தக் கால்?" என்றார் பாஸ். விளக்கிய பிறகு தலையாட்டினார். போகும்போது பார்த்தேன், தண்டை அசைக்கும் அந்தப் பேணியில் சோக்கட்டியால் 'வான் 6' என்று எழுதி வைத்திருக்கிறார். பெடியன் அதை வாசித்துவிட்டு, மற்ற ஐந்து வானும் எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான்.