கலைச்சொல் வேண்டும்: கழுவுவதற்கு முன் ஃபிலிமுக்குள் இருக்கும் படம்

ந., கோவை

வணக்கம். ஃபிலிம் கேமரா, இருட்டறை வேலை இரண்டுக்கும் பயிற்சிக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஃபிலிம் ரோலைக் கையில் எடுத்தே பார்க்காதவர்கள்தான் அதிகம், ஆனால் அவ்வளவு ஆசையோடு வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

நெகட்டிவ், ஹைப்போ (ஃபிலிம் கழுவும் மருந்துகளில் ஒன்று) இரண்டையும் ஆங்கிலப் பெயரிலேயே விட்டுவிட்டேன். இருட்டறை என்ற சொல்லில் சிக்கல் இல்லை. ஓர் இடத்தில்தான் நிற்கிறேன். ஷட்டர் திறந்து மூடியதும் ஃபிலிமில் படம் விழுந்துவிடுகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்ற மருந்தில் போட்ட பிறகுதான் தெரியும். இந்த இடைப்பட்ட நிலையில் இருக்கிற படத்தைத்தான் ஆங்கிலத்தில் லேட்டன்ட் இமேஜ் என்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம்?

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. டெவலப்பருக்கு 'உருவாக்கி' என்று எழுதியிருப்பதைச் சில இடங்களில் பார்த்தேன். எனக்கு அது உடன்பாடில்லை. டெவலப்பர் எதையும் உருவாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைத்தான் காட்டுகிறது. படம் உண்டானது ஷட்டர் திறந்த அந்த நொடியில். புதுச் சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகளுக்கு அது விளங்க வேண்டும்.

சு., மதுரை

ந. அம்மா, நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எங்கள் தொழிலில் இதற்குத் தனிச் சொல் இருந்ததில்லை. 'எடுத்த ரோல்', 'கழுவின ரோல்', இவ்வளவுதான். எடுத்த ரோலைக் கறுப்பு டப்பாவில் போட்டு மூடி வைப்போம். யாராவது தெரியாமல் திறந்துவிட்டால் 'ரோல் எக்ஸ்போஸ் ஆயிடுச்சு' என்போம். கவனியுங்கள், கேமராவுக்குள் முறைப்படி ஒளி படுவதை நாங்கள் எக்ஸ்போஸ் என்று சொல்லவில்லை, கெட்டுப்போனதைத்தான் அப்படிச் சொன்னோம்.

கையேட்டில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். சினிமாவில் காட்டுவதுபோல் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஃபிலிம் கழுவ முடியாது. சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்குத்தான். ஃபிலிமை முழு இருட்டில், விரலால் ஓரத்தைத் தடவித் தடவி ரீலில் சுற்றி, டேங்குக்குள் போட்டு மூடிய பிறகுதான் விளக்கைப் போடலாம். அப்புறம் மருந்தின் சூடு. புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீருக்கு அது தெரியுமா? ஐஸ் கட்டி வாங்கி வந்து, டிரேயைச் சுற்றி அடுக்கித்தான் வேலை பார்த்தோம்.

பிள்ளைகளுக்கு முதலில் தாளில் காட்டுங்கள். தாளை டெவலப்பரில் அமுக்கினால் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாகத்தான் கிடக்கும். முதலில் தலைமுடி வரும், பிறகு புருவம், கண். முகம் மெல்ல மெல்லக் கூடும். வேட்டியின் மடிப்பு கடைசியில்தான் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இரண்டு நிமிடம் எனக்கு அலுத்ததே இல்லை.

த., தஞ்சாவூர்

சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது: உள்ளுறை. 'உள்ளுறை உவமம் ஏனை உவமம்' என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரித்துக் காட்டுகிறாரே. எருமை தாமரையை மிதித்துக்கொண்டு போகிறது என்று மட்டும் புலவர் சொல்வார். தலைவனின் பரத்தைமையை வாய் திறந்து சொல்லமாட்டார். திணை உணர்ந்தவனுக்கு அது விளங்கும். படிப்பவன் புதிதாகப் புகுத்திய பொருள் அன்று அது, புலவன் வைத்த பொருள். ந. அவர்களின் நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? லேட்டன்ட் ஹீட் என்பதற்கு நம் பாடநூல்களில் 'உள்ளுறை வெப்பம்' ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது.

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் 'கரந்துறை'. சித்திரகவி வகைகளில் கரந்துறை செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். கரந்துறை உரு என்றால் எவ்வளவு அழகு!

'இமேஜ்' என்பதற்குப் பிம்பம் வேண்டாம், அது வடசொல். உரு என்றோ பாவை என்றோ சொல்லலாம். கண்மணிக்குள் தெரியும் உருவைப் பாவை என்றுதானே 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம்' என்கிறார் வள்ளுவர். கேமராவின் கண்ணுக்குள் விழுவதும் பாவைதான்.

யா., யாழ்ப்பாணம்

வணக்கம் ஐயா, அக்கா. இங்கே பௌதிகவியல் படிப்பிப்பவன் நான். எங்கள் பாடநூல்களில் அது உள்ளுறை வெப்பம் இல்லை, மறைவெப்பம். 'உருகலின் தன்மறை வெப்பம்' என்றுதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பிம்பமும் எங்களிடம் விம்பம். ஆகவே 'மறைவிம்பம்'. இரண்டு நாட்டுத் தமிழருக்கும் பொதுவாக ஒரு சொல் செய்யும்போது ஏன் எப்போதும் ஒரு பக்கத்துப் பாடநூலே அளவுகோலாக வேண்டும்?

இலக்கியச் சான்றுதான் வேண்டும் என்றால் அப்பர் தேவாரம் இருக்கிறது. 'விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன்' என்கிறார். உறைய நின்றுளன் என்று சொல்லவில்லை, மறைய நின்றுளன் என்றார். அதே பாட்டின் கடைசி அடியில் 'கடைய முன்நிற்குமே' என்று வருகிறது. அக்கா கேட்டது அதேதான். நெய் கடைவதால் உண்டாவதில்லை, பாலிலேயே இருந்தது.

வி., சென்னை

நான் வேதியியல்காரன். உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லைப் பார்ப்போம்.

ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி ஹாலைடு படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் ஏறக்குறைய நான்கு வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், பிறகு டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடும். கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட படிகம் அது. ஒளி படாத படிகத்தை ஹைப்போ கரைத்துக்கொண்டு போய்விடும். அணுக்கள் இப்படிச் சேரும் விதத்தை கர்னி, மாட் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1938-இல் விளக்கினார்கள்.

யா. சொன்ன 'மறை'யில் எனக்கு ஓர் இடர் தெரிகிறது. இலங்கையில் நேர், மறை என்றால் பாசிட்டிவ், நெகட்டிவ். மறையெண், மறையேற்றம் என்கிறீர்கள். இங்கேயும் எதிர்மறை என்ற சொல் இருக்கிறது. நெகட்டிவ் என்ற பொருளே கையில் தொங்கும் இந்தத் தொழிலில் 'மறைவிம்பம்' என்றால் கழுவி முடித்த நெகட்டிவ் என்றுதான் மாணவன் எடுத்துக்கொள்வான். வேறு எந்தத் துறையிலும் இந்தக் குழப்பம் வராது. இங்கே மட்டும் கட்டாயம் வரும்.

இன்னொன்று, இந்தப் படம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் சொல் தாங்க வேண்டும். 1897-இல் ஸ்வீடனின் ஆந்த்ரே இரண்டு துணைவர்களோடு பலூனில் வட துருவத்துக்குப் புறப்பட்டார். மூவரும் பனியில் இறந்துபோனார்கள். 1930-இல்தான் வெள்ளைத் தீவில் அவர்களின் உடல்களும் ஃபிலிமும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவியபோது 93 படங்கள் தேறின. பலூன் பனிமேல் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் இருவர் நிற்கும் படம் அதில் ஒன்று. எடுத்த கை போய்ச் சேர்ந்து 33 ஆண்டுகள் கழித்து வந்த படம் அது. தற்காலிகமாக ஒளிந்திருப்பது என்ற தொனி இதற்குப் போதாது. உறைதல் என்றால் தங்கி வாழ்தல். என் வாக்கு உள்ளுறைக்கு.

த., தஞ்சாவூர்

வி. அவர்களே, உங்கள் வேதியியல் என் சொல்லை இன்னும் உறுதிப்படுத்திவிட்டது! உறை என்றால் தங்குதல் மட்டுமா? பாலுக்கு ஊற்றும் உறைமோரும் உறைதானே. நான்கு அணு முழுப் படிகத்தையும் மாற்றுகிறது என்றீர்கள். ஒரு சொட்டு மோர் குடம் பாலைத் தயிராக்குவது அதே வினைதான். பனியில் உறைதல் என்ற பொருளும் இருக்கிறது, ஆந்த்ரேயின் ஃபிலிம் அதற்கும் சான்று. தங்கும் உறை, தோய்க்கும் உறை, குளிரில் இறுகும் உறை மூன்றும் ஒரே வேர் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். நிலைபெறுதல் என்பதே அடிப்படைப் பொருள். 

இன்னொரு வழியும் தோன்றுகிறது. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்கிறது குறள். மலராத அரும்புக்குள் மணம் இருக்கிறது, வெளியே வரவில்லை. அப்படியானால் 'முகையுரு'. டெவலப் செய்வதை 'மலர்த்துதல்' எனலாம், டெவலப்பர் 'மலர்த்தி'. ஒரு தொழிலுக்கே முழுச் சொற்குடும்பம் கிடைத்துவிடுகிறது.

சு., மதுரை

ஐயா, தமிழறிவில் உங்கள் பக்கத்தில் நிற்கக்கூட எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் 'ரோலை மலர்த்திவிட்டாயா தம்பி' என்று எந்த இருட்டறையிலும் யாரும் கேட்கமாட்டார்கள். மக்கள் ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் செய்து வைத்திருக்கிறார்கள். ரோலைக் கழுவக் கொடுத்தேன், படம் கழுவி வந்துவிட்டதா. கல்யாணம் முடிந்த வீட்டில் எல்லாரும் கேட்டது இதைத்தான். டெவலப்பர், ஹைப்போ, தண்ணீர் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அதிலிருந்தே எடுங்கள்: கழுவாப் படம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஊட்டித் தொழிற்சாலையில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவர்கள் யாரிடம் சொன்னாலும் உடனே தலையாட்டுவார்கள்.

த., தஞ்சாவூர்

கழுவாப் படம் இலக்கணப்படி சரியே. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வாடா மலர், பொய்யா மொழி போல. ஆனால் கேட்பவன் மனத்தில் அழுக்குப் படம் என்றல்லவா விழும்? கலைச்சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

சு., மதுரை

கழுவுதலில் மதிப்புக் குறைவு எங்கே வந்தது ஐயா? அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். டெவலப்பர் பட்டு நகம் கறுத்த கையோடுதான் சாப்பிட உட்காருவேன்.

த., தஞ்சாவூர்

தொழிலைக் குறைத்துச் சொல்ல நான் எண்ணவில்லை. உங்கள் மனம் வருந்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் ஒலியை மட்டுமே பேசினேன்.

யா., யாழ்ப்பாணம்

சு. அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கழுவாப் படம், படம் என்ன ஆகவில்லை என்பதைத்தான் சொல்கிறது, அக்கா கேட்டது படம் இருக்கிறது என்பது. டப்பாவைப் பிரிக்காத புது ஃபிலிமும் கழுவாததுதானே?

வி. அவர்களுக்கு: மறையெண்ணும் மறைவெப்பமும் எங்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், குழம்புவதில்லை. சேரும் சொல்லைப் பார்த்துப் பொருள் கொள்வார்கள். சொல் நிலைப்பது பழக்கத்தால். புகைப்படம் என்கிறோம், அதில் புகை எங்கே இருக்கிறது?

குழு மட்டுறுத்துநர்

நண்பர்களே, புகைப்படமா ஒளிப்படமா நிழற்படமா என்ற விவாதம் இங்கே பலமுறை நடந்திருக்கிறது. அந்தப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. வந்து சேர்ந்த மூன்று மடல்களை அங்கே நகர்த்திவிட்டேன். ந. அவர்களுக்கு நாளை மாலை கெடு, நினைவிருக்கட்டும்.

வி., சென்னை

ஒரே ஒரு செய்தி, பிறகு நிறுத்திக்கொள்கிறேன். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல். ஹைப்போ வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டவரும் அவர்தான். வேலையைச் செய்தவரே சொல்லும் செய்தார். அதனால் சு. அவர்களின் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளுறை பெயராக இருக்கட்டும், 'கழுவுதல்' வினையாக இருக்கட்டும். 'உருவாக்கி' வேண்டவே வேண்டாம்.

ந., கோவை

எல்லாருக்கும் நன்றி. அச்சுக்குப் போகும் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர்: உள்ளுறை பிம்பம். பள்ளியில் உள்ளுறை வெப்பமும் மெய்பிம்பமும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு பாதியும் தெரிந்தவை. த. ஐயாவின் 'உரு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் லென்ஸ் பாடத்தில் பிம்பம் என்று எழுதிவிட்டு நான்கு பக்கம் தள்ளி உரு என்றால் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துவிடுவார்கள்.

வினை: கழுவுதல். டெவலப்பர் டெவலப்பராகவே இருக்கட்டும். மற்றபடி 'எடுத்த ரோல்', 'கழுவின ரோல்' என்று சு. ஐயா சொன்னபடியே புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறேன். தலைமுடி முதலில் வந்து வேட்டி மடிப்பு கடைசியில் வரும் அந்தப் பத்தியை அவர் அனுமதியோடு முதல் பாடத்தில் அப்படியே சேர்த்துவிட்டேன். இலங்கையில் மறைவிம்பம் என்று வழங்கலாம் என்று அடிக்குறிப்பும் உண்டு.

யா., யாழ்ப்பாணம்

அடிக்குறிப்புக்கு நன்றி அக்கா. ஆனால் என் கருத்து மாறவில்லை. அடிக்குறிப்பில் கிடப்பது பொதுச் சொல் ஆகாது. எங்கள் பக்கம் இப்படி ஒரு கையேடு வந்தால் அதில் மறைவிம்பம்தான் இருக்கும், உள்ளுறை பிம்பம் அடிக்குறிப்புக்குப் போகும்.

த., தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒன்றே ஒன்று. உள்ளுறை பிம்பமா, உள்ளுறைப் பிம்பமா? உள்ளுறை உவமத்தில் அடுத்து உயிர் வந்தது, உள்ளுறை வெப்பத்தில் வகரம் வந்தது. அதனால் இத்தனை காலம் இந்தக் கேள்வியே எழவில்லை. உறைந்த, உறைகின்ற, உறையும் என்று விரியும் வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. உள்ளுறை என்பதைப் பெயராகக் கொண்டால் மிகும். தொல்காப்பிய உரைகளில் உள்ளுறை தனிப் பெயராகவே வழங்குகிறது. ஆகவே மிக வேண்டும் என்பதே என் துணிபு.

வி., சென்னை

பிம்பத்தின் முதலெழுத்து வல்லொலியாக ஒலிப்பதில்லையே ஐயா. 'உள்ளுறைப் பிம்பம்' என்று எழுதினால் அழுத்திப் படித்து ஒலியே மாறிவிடும். மிகாமல் விடலாம்.

த., தஞ்சாவூர்

இதற்காகத்தான் உரு என்று சொன்னேன்.

ந., கோவை

ஐயா, ஒற்று இல்லாமல் அச்சுக்குப் போய்விட்டது. இரண்டாம் பதிப்பு வந்தால் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.