ஜனவரியில் சென்னை – டெல்லி காலை விமானத்தை நம்பலாமா?

ஜனவரி 8 அன்று நானும் அப்பாவும் (வயது 71) அம்மாவின் அஸ்தியோடு ஹரித்வார் போகிறோம். சென்னையிலிருந்து டெல்லி வான்வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம். காலை 6 மணி விமானம். புது டெல்லி ஸ்டேஷனில் மதியம் 1 மணிவாக்கில் ரயில். கவலையெல்லாம் டெல்லி மூடுபனிதான்.

பத்து நாளாக அதே விமானத்தைக் கவனிக்கிறேன். நான்கு நாள் தாமதம், ஒரு நாள் நான்கு மணி நேரம். கஸ்டமர் கேரில் கேட்டால் "அன்றைக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். சரி, சென்னையிலிருந்தே ரயிலில் போகலாமென்றால் சுமார் முப்பது மணி நேரம். அப்பாவின் முழங்கால் தாங்காது. செம்புக் கலசத்தை அம்மாவின் சுங்குடிச் சேலையில் சுற்றி, இப்போதே கையோடு வைத்திருக்கிறார்.

ஜனவரியில் இப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்: இதே விமானத்தில் போகலாமா, முந்தின நாளே போய் டெல்லியில் தங்கிவிடுவதா?