மழை பெய்தால் காருக்குள் ஈரம்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

கேள்வி

வணக்கம். என்னுடையது 2015 மாடல் ஹேட்ச்பேக். ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து இடது பக்க முன் சீட்டில் கால் வைக்கும் இடம் காயவே இல்லை. மேட்டைத் தூக்கிவிட்டுக் கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் ஊறி வருகிறது. வீடு தாம்பரத்தில், ஷெட் கிடையாது, வேப்பமரத்தடியில்தான் நிறுத்துகிறேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசி 1,500 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழைக்கே பழையபடி நனைந்துவிட்டது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. வண்டியில் அடிக்கும் பூஞ்சை வாடையால் அவரை ஏற்றவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தேடுவது?

பதில் (டிங்கரிங் பட்டறை, 20 வருடம்)

தம்பி, எதையும் பூசுவதற்கு முன்னால் அது என்ன தண்ணீர் என்று பாருங்கள். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வெயில் நாளிலும் ஏசி போட்டால் நனைகிறது என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் மழைத்தண்ணீர்.

மரத்தடி என்கிறீர்கள், அதனால் பானட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வேப்பிலை அடைத்திருக்கிறதா பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கினால் காற்று இழுக்கும் வழியாகவே உள்ளே வந்துவிடும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரைத் தொட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று: சமீபத்தில் வண்டியில் எதையாவது கழற்றி மாட்டினீர்களா?

கேட்டவர்

நன்றி அண்ணா. வாடையும் பிசுபிசுப்பும் இல்லை, கூலன்ட் அளவு குறையவில்லை. ஏசி போட்டால் கீழே நன்றாகச் சொட்டுகிறது. இலை கொஞ்சம் இருந்தது, அள்ளிவிட்டேன், ஆனால் ஃபில்டர் காய்ந்துதான் இருக்கிறது. ஆகஸ்டில் முன் கதவு ஸ்பீக்கர்களை மாற்றினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில் (டிங்கரிங் பட்டறை)

நிறைய உண்டு. கதவுக் கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பீடிங் மழையை முழுவதுமாகத் தடுக்காது. கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், கதவையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இறங்கிய தண்ணீர் வெளியே போகக் கதவின் அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அது உள்ளே வராமல் தடுப்பது டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடி) பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கர் மாட்டுகிறவர் அதைக் கிழித்துவிட்டால், அல்லது சரியாக ஒட்டாமல் விட்டால், தண்ணீர் டோர் பேடின் உள்பக்கமாக வழிந்து, படியைத் தாண்டிக் கார்பெட்டுக்கு அடியில் போய்விடும்.

டோர் பேடைக் கழற்றிக் கதவை மூடி, ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்கார வையுங்கள். வெளியே ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலே போங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. வாட்டர் வாஷ் பிரஷரும் வேண்டாம், மழை போகாத இடத்திலும் அது புகுந்துவிடும்.

இன்னொருவர்

என் வண்டியில் பின்னால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றது. டெயில் லேம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட்தான் காரணம். சன்ரூஃப் வைத்தவர்கள் அதன் வடிகுழாய்களையும் பாருங்கள். ஏர் அடிக்க வேண்டாம், குழாய் உள்ளே கழன்றுவிடும். மெல்லிய நைலான் இழை போதும்.

கேட்டவர்

கண்டுபிடித்துவிட்டோம் அண்ணா! தம்பி உள்ளே உட்கார்ந்தான். தண்ணீர் கதவுக் கண்ணாடிக்கு வந்ததும் ஸ்பீக்கருக்குக் கீழே ஷீட் கிழிந்த இடத்தில் கோடாக வழிந்தது. அடி ஓட்டைகள் இரண்டிலும் மண். குச்சியால் குத்தினதும் அரை மக் அளவு தண்ணீர் கொட்டியது. இனி சிலிக்கானால் ஒட்டலாமா?

பதில் (டிங்கரிங் பட்டறை)

வேண்டாம், பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) வாங்குங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய பசையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். அடி ஓட்டையை மட்டும் மறந்தும் அடைத்துவிடாதீர்கள்.

வாடை போக வேண்டுமென்றால் கார்பெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். மேலே காய்ந்தாலும் அடியில் இருக்கும் ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், தரையும் துருப்பிடிக்கும். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்கானது. அதைத் திரும்ப மாட்டாமல் சாவி போடாதீர்கள்.

கேட்டவர்

ஷீட்டை ஒட்டியாயிற்று. ஃபோம் மூன்று நாள் ஃபேனுக்கு அடியில் கிடந்தது. நேற்று இரவு முழுக்க மழை. கார்பெட்டுக்கு அடியில் வைத்த டிஷ்யூ காகிதம் காலையில் மொறமொறவென்று இருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு பக்கத்திலுள்ள தாம்பரம் சானடோரியம் வரை போய் வந்தேன். வலது கதவு ஸ்பீக்கரும் அதே நாளில் மாற்றியதுதான், ஞாயிற்றுக்கிழமை அதையும் கழற்றிப் பார்க்கிறேன்.