விவாதம்: அரச ஊழியர் தமது ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டுகிறாரா?

சுன்னாகம் கணக்காளர்:
நல்லூரைச் சேர்ந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் நேற்று இங்கே, "எங்களுடைய ஓய்வூதியம் நாங்கள் மாதந்தோறும் கட்டிய பணம், அதனால் வரி செலுத்துவோருக்கு ஒரு சதமும் சுமை இல்லை" என்று எழுதியிருந்தார். படித்தவர்கள் பலர் அதை ஆமோதித்திருப்பதைப் பார்த்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் அரச ஊழியர் எவரும் தமது ஓய்வூதியத்துக்கென்று ஒரு சதமும் கட்டுவதில்லை. ஆங்கிலேயர் 1901இல் ஏற்படுத்திய ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் கீழ் நடக்கும் இத்திட்டம், தொடக்கம் முதலே பங்களிப்பு இல்லாத திட்டம். இதற்கென்று ஒரு நிதியம் கிடையாது, சேர்த்து வைத்த முதலும் கிடையாது. ஏறக்குறைய 7 லட்சம் ஓய்வூதியர்களுக்கு ஒவ்வொரு மாதமும் திரட்டு நிதியத்திலிருந்து, அதாவது மக்கள் கட்டிய வரியிலிருந்தும் அரசு வாங்கிய கடனிலிருந்தும், பணம் போகிறது. 2022இல் அந்தச் செலவு 300 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. சுன்னாகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவர் சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் அதில் 18 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கிறது. அவருக்கு முதுமையில் எந்த ஓய்வூதியமும் இல்லை. அவரிடம் போய், உன் மேல் சுமை இல்லை என்று ஓர் ஆசிரியர் சொல்லலாமா?

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
தம்பி, என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர், ஆகவே நானே பதில் தருகிறேன். என்னுடைய முதற் சம்பளப் பட்டியலிலிருந்து கடைசிப் பட்டியல்வரை ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் என்று ஒரு கழிவு இருக்கிறது. சம்பளப் படிநிலையைப் பொறுத்து 7 வீதம் வரை அது கழிக்கப்படும். அந்தப் பணம் திறைசேரிக்குத்தான் போனது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் விடைத்தாள் திருத்தியபோதும், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் தென்மராட்சியில் மரத்தடியில் வகுப்பு நடத்தியபோதும், அந்தக் கழிவு ஒரு மாதமும் நிற்கவில்லை. கட்டவில்லை என்று சொல்வதற்கு முன் ஓர் ஆசிரியரின் சம்பளப் பட்டியலையாவது நீர் பார்த்திருக்க வேண்டும்.

சுன்னாகம் கணக்காளர்:
ஐயா, நீங்கள் சொல்லும் அந்த 7 வீதம் உங்கள் ஓய்வூதியத்துக்கான பணம் அல்ல. அது நீங்கள் இறந்தபின் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டிய ஓய்வூதியத்துக்கான கழிவு. 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து அது தனித் திட்டமாக நடந்து வருகிறது. பெண் ஊழியர்களின் கணவர்மாருக்காக 1983இல் தபுதாரர் சட்டமும் வந்தது. உங்கள் பெயரில் மாதம்தோறும் பிரதேச செயலகத்தின் ஊடாக வருகிற இளைப்பாற்றுச் சம்பளத்துக்கு நீங்கள் கட்டியது பூச்சியம்.

அந்தக் கழிவையே ஓய்வூதியப் பங்களிப்பு என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவராது. மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 7 வீதம் என்றால் 4,200 ரூபா, ஓராண்டில் 50,400 ரூபா. 30 ஆண்டு சேவை முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 85 வீதம் கிடைத்தால் அது 51,000 ரூபா. ஓராண்டு முழுவதும் கட்டிய பணம் ஒரு மாத ஓய்வூதியத்துக்கே போதாது. மீதியை யார் கொடுக்கிறார்கள்?

இன்னொன்றையும் கேட்கிறேன். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், புதிதாகச் சேருவோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று 2003இலும் 2016இலும் அரசு ஏன் அறிவித்தது? இரண்டு தடவையும் எதிர்ப்பு வந்ததால் பின்வாங்கியது என்பது வேறு கதை. பிரமாணக் குறிப்பிலேயே, ஓய்வூதியம் பெறுவதற்கு அரச ஊழியருக்கு முழுமையான உரிமை எதுவும் இல்லை என்ற வாசகம் இருக்கிறது. சொந்தமாகக் கட்டிய பணத்தைப் பற்றி எந்தச் சட்டமும் அப்படி எழுதாது. தயவுசெய்து என்னைத் தம்பி என்றும் அழைக்க வேண்டாம். எனக்கு 47 வயது, மூன்று பிள்ளைகள்.

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
என்னிடம் படித்தவர்களுக்கு இன்று 55 வயது. அவர்களையும் தம்பி என்றுதான் அழைக்கிறேன், அதில் குறை கண்டவர் இதுவரை இல்லை. கழிவு இருக்கிறது. பட்டியலில் எழுதியிருக்கிறது. அதன் பெயரில் "ஓய்வூதியம்" என்ற சொல்லும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
நீங்கள் இருவரும் 7 வீதத்தில் நிற்கிறீர்கள், நான் வேறொன்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் விவசாயிகளுக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்தது. கடற்றொழிலாளருக்கு 1990இல் வந்தது. என் தகப்பனார் வெங்காயம் விற்ற காசில் தவணை தவறாமல் கட்டினார். பிறகு அந்த நிதியத்தில் பணம் போதவில்லை என்று சொல்லிக் கொடுப்பனவைச் சில காலம் நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்கியபோது கைக்கு வந்த தொகையில் ஒரு அந்தர் உரம் வாங்க முடியாது. கட்டியவனுக்கு நிதியம் வற்றிப்போகிறது, கட்டாதவருக்குத் திறைசேரி வற்றுவதில்லை. இதைத்தான் ஆசிரியர் ஐயா எனக்கு விளக்க வேண்டும். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஏன் சொன்னார்கள் என்பது இப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிகிறது.

சுன்னாகம் கணக்காளர்:
தோட்டக்கார அண்ணை கூறியது என் வாதத்தின் நடுப்புள்ளி. விவசாயி கட்டினார். தனியார் ஊழியர் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தம் சம்பளத்தில் 8 வீதம் கட்டுகிறார், முதலாளி 12 வீதம் கட்டுகிறார். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம் முதலாளியிடமிருந்து போகிறது. நான் முதலில் வேலை செய்த இடத்தில் என் 8 வீதத்தைப் பல ஆண்டுகள் கழித்துவிட்டு, நிதியத்துக்கு அனுப்பாமலே இருந்தார்கள். அந்தப் பணத்துக்காகத் தொழில் திணைக்களப் படிகளில் ஏறி இறங்கியவன் நான். கட்டுதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும், ஆகவே கட்டாத ஒருவர் கட்டினேன் என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

கரவெட்டி வாசகி:
நான் இதுவரை எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கணவர் அரச திணைக்களமொன்றில் இலிகிதராக இருந்து, இளைப்பாறுவதற்கு முன்பே காலமானார். நானும் இரண்டு பிள்ளைகளும் இன்று உண்பது அவருடைய சம்பளத்தில் கழித்த அந்தப் பணத்தால் வந்த ஓய்வூதியத்தில்தான். கணக்காளர் அதைப் பூச்சியம் என்று எழுதியதை வாசித்தபோது மனம் கனத்தது. அந்த மனிதர் கடைசி மாதம்வரை கட்டினார். ஒவ்வோர் ஆண்டும் கிராம அலுவலரிடம் சென்று, நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையொப்பம் வாங்கிக் கொடுத்துத்தான் அதைப் பெறுகிறேன். இதை யாருடைய சுமை என்றும் பேசாதீர்கள்.

சுன்னாகம் கணக்காளர்:
அக்கா, உங்கள் கணவர் கட்டியதைப் பூச்சியம் என்று நான் எழுதவில்லை, மேலே சென்று மீண்டும் வாசியுங்கள். அவர் உங்களுக்காகக் கட்டினார், அது உங்களுக்கு வருகிறது. அதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. நான் முதலிலிருந்து சொல்வதும் இதுதான்: அந்தக் கழிவு துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஆசிரியர் அதே பணத்தைத் தன் சொந்த ஓய்வூதியத்துக்குக் கட்டியதாகவும் கணக்கு வைக்கிறார். ஒரே 7 வீதத்தை இரண்டு இடத்தில் எழுதினால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் பிழையான பேரேடு. உங்கள் துயரத்தை அவர் வாதத்துக்குக் கேடயமாக்க வேண்டாம் என்று உங்களையும் அவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கரவெட்டி வாசகி:
என் துயரத்தை எவரும் கேடயமாக்கவில்லை. நானாக எழுதினேன்.

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான்:
நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆசிரியர்கள் தங்கள் ஓய்வூதியத் திட்டத்துக்குச் சம்பளத்தில் 10 வீதத்துக்கும் மேல் கட்டுகிறார்கள். அரசும் அதற்கு ஈடாகக் கட்டுகிறது. அந்தப் பணம் முதலிடப்பட்டு வளர்கிறது. இலங்கையில் வளர்வதற்குப் பணமே இல்லை, கடப்பாடு மட்டும் வளர்கிறது. எதிர்காலத்தில் கொடுக்கவேண்டிய இந்த ஓய்வூதியங்கள் அரச கடன் கணக்கில் எழுதப்படுவதும் இல்லை. கணக்காளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
கனடாவிலிருந்து எழுதுகிற அன்பர் இந்த நாட்டுக்குக் கடைசியாக எந்த ஆண்டு வரி கட்டினார் என்று கூறிவிட்டுப் பேசட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் மலாயன் பென்சனியர் வீடு இல்லாத ஒழுங்கை குறைவு. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோரிலும் உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த நாட்டுப் பணம் இங்கே வந்தது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். அதைச் சுமை என்று எவரும் இகழவில்லை.

நீங்கள் எல்லோரும் மறைக்கும் விடயத்தை நான் சொல்கிறேன். 2023இல் அரசின் வருமானம் ஏறக்குறைய 3,000 பில்லியன் ரூபா. அந்த ஆண்டு கடனுக்கான வட்டி மட்டும் 2,400 பில்லியனைத் தாண்டியது. முழு நாட்டின் ஓய்வூதியச் செலவு அந்த வட்டியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதிலும் 22 ஆண்டு சேவையோடு நாற்பது வயதில் இளைப்பாறும் படையினரின் ஓய்வூதியமும் அடங்குகிறது. அவர்களைப் பற்றிக் கணக்காளர் ஒரு வரியும் எழுதவில்லை. வெண்கட்டி பிடித்த கைதான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. தனியார் துறையில் முதலாளி 12 வீதம் கட்டுகிறார் என்றீர். எனக்கு முதலாளி அரசு. அரசு தன்னுடைய பங்கை ஒதுக்கி வைக்காமல் செலவழித்தது என் குற்றமா? குறைந்த சம்பளத்துக்கு நான் உழைத்த 34 ஆண்டுகளின் மிச்சக் கூலிதான் இந்த ஓய்வூதியம். அதோடு நான் 7 வீதமும் கட்டியிருக்கிறேன்.

சுன்னாகம் கணக்காளர்:
ஐயா, மிச்சக் கூலி என்ற உங்கள் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் நேற்று அதை எழுதவில்லை. நேற்று எழுதியது "நாங்கள் கட்டிய பணம்" என்று. மிச்சக் கூலி என்றால் அதைக் கொடுக்கவேண்டியது முதலாளியாகிய அரசு, அரசுக்குக் கொடுப்பது வரி கட்டுகிறவர். ஆகவே சுமை இல்லை என்ற உங்கள் முதல் வசனம் உங்கள் கையாலேயே விழுந்துவிட்டது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் அரச ஊழியர் வேலை இழந்தபோது ஓய்வூதியமும் அவர்கள் கையைவிட்டுப் போனது. கட்டிவைத்த பணமாக இருந்திருந்தால் அதை அப்படிப் பறித்திருக்க முடியுமா? நான் உங்கள் பணத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு நிதியம் இருந்திருந்தால் உங்களுக்கே பாதுகாப்பாக இருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

படையினரைப் பற்றி எழுதவில்லை என்கிறீர்கள். 7 லட்சம் என்று எழுதியபோது அவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். வட்டி பெரிது என்கிறீர்கள். பெரிதுதான். பக்கத்து வீட்டுக் கடன் பெரிது என்பதால் என் வீட்டுக் கடன் இல்லாமற்போய்விடாது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது எங்கள் சேமலாப நிதியத்தின் முறிகள், அதாவது அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்கள், 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகளிடமிருந்த ரூபாத் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. கட்டிச் சேர்த்தவனிடம்தான் கை வைத்தார்கள். அன்று இந்த யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆசிரியர் சங்கங்கள் எங்களுக்காக வீதிக்கு வந்தன? சென்ற மாதம் பேருந்துக் கட்டண விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் கேள்வியை மாற்றிக்கொண்டு போனீர்கள்.

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
பேருந்துக் கட்டணத்தில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாக வந்தது. அதையும் இங்கே இழுக்க வேண்டாம்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
விவசாயிகளின் ஓய்வூதியத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை.

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான்:
நான் வரி கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ஊரில் இருக்கும் என் தாயாருக்கு மாதம்தோறும் அனுப்பும் பணம் இந்த நாட்டுக்குள்தான் செலவாகிறது, அதில் 18 வீதமும் போகிறது. எனக்குப் பேச உரிமை இல்லை என்று சொல்ல ஆசிரியருக்கு என்ன உரிமை?

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
தோட்டக்காரத் தம்பியின் கேள்வியைப் பிறகு பார்ப்போம். கனடா அன்பருக்கு நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். 2020க்கு முன் இளைப்பாறிய எங்களுக்கும் பின் இளைப்பாறியவர்களுக்கும் இடையில் இருந்த ஓய்வூதிய முரண்பாட்டைத் தீர்க்க, 2025 யூலையிலிருந்துதான் மூன்று கட்டமாகத் திருத்தம் தரத் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருந்த மனிதர்களிடம் வந்து சுமை என்கிறீர்கள். சம்பளப் பட்டியலை இன்றே படம் எடுத்து இங்கே இடுகிறேன். கழிவு என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு இடுகிறேன்.

சுன்னாகம் கணக்காளர்:
இடுங்கள், ஐயா. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலே "விதவைகள் அநாதைகள்" என்று எழுதியிருக்கும் இரண்டு சொற்களையும் மறைக்காமல் இடுங்கள். நீங்கள் விதவையும் அல்ல, அநாதையும் அல்ல. உங்கள் சொந்த ஓய்வூதியத்துக்கு என்று ஒரு கழிவு எந்தப் பட்டியலிலாவது இருந்தால் அதைக் காட்டுங்கள்.

நல்லூர் இளைப்பாறிய ஆசிரியர்:
கழிவு இருக்கிறது. 34 ஆண்டுகள் கட்டினேன். நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன், தம்பி.