பினாங்குச் சுவரில் ஒரு படகோட்டி

போன வருடம் மலேசியாவில் இருக்கும் பினாங்கு போயிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம், அதனால் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கும், ரஜூலா கப்பல் ஏறி அங்கே போனவர்கள் இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் முதல் நாள் எல்லோரையும் போல ஆர்மேனியன் தெருவுக்குத்தான் போனேன். 2012இல் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் சகாரவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் சுவரில் சாயம், சைக்கிள் மட்டும் நிஜம். வெயிலில் அரை மணி நேரம் வரிசையில் நின்று போட்டோ எடுத்தேன், நின்றதற்குத் தகுந்த படம்தான்.

மறுநாள் சுலியா தெரு நாகூர் தர்காவுக்குப் போனேன். 1800களின் தொடக்கத்தில், குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் நம் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. அந்தச் சின்ன மினாராக்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர், எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். நாகப்பட்டினம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய வாப்பா தோப்புத்துறையிலிருந்து வந்தவராம், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கான் என்ற சரக்குப் படகில் சரக்கு இறக்கிக் கரை சேர்க்கும் வேலை, அரிசி மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப் போயிருக்குமாம்.

சைக்கிள் படம் பார்த்த கதையைச் சொன்னேன். "அது சரி, படகுக்காரரைப் பார்த்தீங்களா?" என்று கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப்போய்விட்டார். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி, சுவர் முழுக்க. முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அங்கே வரிசை இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான்.

2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஊர் சேர்ந்ததற்குக் காரணமே இப்படிக் கப்பலேறி வந்தவர்கள் சேர்ந்து கட்டிய ஊர் என்பதுதானே. போகிறவர்கள் அந்தப் படத்தையும் தேடிப் பாருங்கள், சாயம் எத்தனை மழை தாங்கும் என்று சொல்ல முடியாது.

பெரியவர் வாப்பாவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றார். அப்புறம் படகோட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, தோப்புத்துறையில் இருக்கும் மச்சானுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னார், கீழே சாயம் உரிந்திருந்த இடம் மட்டும் வராமல்.