குப்பை ஒப்பந்தத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது சரியா?

வணக்கம். எங்கள் நகராட்சியில் குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் விடப் போகிறார்கள், வரைவு ஒப்பந்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி வார்டு கவுன்சிலர் கேட்டிருக்கிறார். எனக்கு ரொம்ப இடிக்கிற இடம், எடை மேடையில் ஏறும் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தருவது. அப்படியென்றால் நாம் வீட்டிலேயே பிரித்து உரம் போட்டுக் குப்பையைக் குறைக்கக் குறைக்க கம்பெனிக்கு நஷ்டம்தானே, மண்ணையும் கட்டட இடிபாட்டையும் சேர்த்து ஏற்றத்தானே தோன்றும்? சென்னையில் 2000-இல் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்தபோது டன் கணக்குதான். 2020-இல் உர்பேசர் சுமீத் என்ற கம்பெனிக்குக் கொடுத்தபோது வேலையின் தரத்தை அளந்து பணம் என்று மாற்றினார்கள். அந்த அளவீட்டை நடைமுறையில் யார் சரிபார்க்கிறார்கள், எதற்கெல்லாம் பிடித்தம் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன, வரைவிலோ தடுப்புகூட இல்லாத ஒரே வண்டி (யார் எழுதினார்களோ!). அப்புறம், இப்போது வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வேறு ஊர் ஒப்பந்தத்தில் இதற்கு உருப்படியான ஷரத்து இருந்தால் நகல் அனுப்புங்கள், அடுத்த வாரம் மன்றக் கூட்டம்.