ஹெர்மிஸ் சொன்னால் வேலையை விட்டுவிடலாமா?

புதன்கிழமை
எட்டு மாதங்களாகப் புதன்கிழமை இரவுகளில், கிரேக்கரின் தூதுத் தெய்வமான ஹெர்மிஸை ஆவாகனம் செய்து வருகிறேன். பெரிய சடங்கு எதுவும் கிடையாது. ஆரஞ்சு நிற மெழுகுவத்தி ஒன்று, பக்கத்தில் ஒரு நோட்டு. கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டில் இறங்குவதாகப் பாவித்துக்கொள்வேன். கடைசிப் படியில் அவர் குனிந்து உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருப்பார். முகத்தை இதுவரை பார்த்ததில்லை. கேள்வி கேட்பேன், வருகிற பதிலை எழுதிக்கொள்வேன். போன வாரம், வேலையை விடட்டுமா என்று கேட்டேன். "இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?" என்றார். அவர் தெய்வமா, எல்லோர் மனத்தின் ஆழத்திலும் பொதுவாக உறைந்திருக்கும் தொல்படிமமா என்ற ஆராய்ச்சி எனக்குத் தேவையில்லை. பயன்படுகிறது, அது போதும். இதை நம்பி ராஜினாமா கடிதம் கொடுக்கலாமா?

கரிக்கோடு
விடுவதென்று நீங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

1972-இல் டொரன்டோவில் ஒரு குழு, பிலிப் என்ற 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுவைக் கற்பனையாகவே உருவாக்கியது. வாழ்க்கை வரலாறு எழுதி, அதில் வேண்டுமென்றே சில சரித்திரப் பிழைகளையும் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து தியானித்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாட்டும் வேடிக்கைப் பேச்சுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது "தட்" என்று ஒலி கேட்கத் தொடங்கியது. ஒரு தட்டல் ஆம், இரண்டு தட்டல் இல்லை. என் பார்வையில், மேசைமேல் இருந்த கைகள் தம்மை அறியாமல் செய்த வேலை அது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. குழுவுக்குத் தெரிந்ததைத் தாண்டி பிலிப் எதையும் சொன்னதில்லை. உங்கள் ஹெர்மிஸ் மட்டும் எப்படிச் சொல்வார்?

முக்கோணம்
இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. தொல்படிமம் என்றதும் "வெறும் மனம்தானே" என்று கைகழுவிவிடுகிறீர்கள். அந்தச் சொல்லைப் பரப்பிய உளவியலாளர் கார்ல் யுங் அப்படிக் கைகழுவவில்லை. அவர் கனவில் காளைக் கொம்புகளும் மீன்கொத்தியின் சிறகுகளும் கொண்ட ஒரு முதியவர் வந்தார். அவரை ஃபிலமோன் என்று அழைத்தார் யுங். அந்தச் சிறகுகளை ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பக்கம் அரிதாகவே தென்படும் மீன்கொத்தி ஒன்று அவருடைய தோட்டத்தில் செத்துக் கிடந்தது. ஃபிலமோனோடு தோட்டத்தில் நடந்தபடி பேசியதாகவும் எழுதியிருக்கிறார். எண்ணங்களை நீ உண்டாக்கவில்லை, காட்டு விலங்குகளைப் போல அவை தாமாகவே உலவுகின்றன என்பது ஃபிலமோன் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். "வெறும்" என்ற சொல்லுக்கு அங்கே ஏது இடம்?

புதன்கிழமைக்கு ஒன்று. நீங்கள் செய்வதன் பெயர் ஆவாகனமே இல்லை. ஆவாகனம் என்றால் அந்த உருவத்தைத் தனக்குள் ஏற்பது. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தார் தெய்வ வடிவத்தைத் தம்மேல் போர்த்திக்கொள்ளப் பழகியது அதன் ஆற்றலைப் பெறுவதற்காக. கேள்வி கேட்பதானால் உருவம் வெளியே, எதிரில் நிற்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் கேட்பது யார், சொல்வது யார் என்பதே மங்கிப்போகும். போகட்டும், முடிந்ததும் வழியனுப்புகிறீர்களா?

புதன்கிழமை
இல்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன்.

ஆவிகள் மனித மூளையின் பகுதிகள் என்று ஆங்கிலேய மாந்திரீகர் அலிஸ்டர் குரோலியே சொல்லிவிட்டாரே! பிறகு யாரை வழியனுப்புவது?

கரிக்கோடு
அது 1904-இல் அச்சான ஒரு மந்திர நூலின் முன்னுரையில் சொன்னது. அதே ஆண்டு கெய்ரோவில் ஐவாஸ் என்ற குரல் மூன்று நாட்கள் சொல்லச் சொல்ல எழுதியதாகவும் அவரேதான் கூறினார். பிற்காலத்தில் ஐவாஸ் தன் மனத்துக்கு வெளியே உள்ளவர் என்றும் வாதாடினார். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இரு தரப்புக்கும் சாட்சி சொல்வார்.

என் அச்சம் ஜான் டீயைப் பற்றியது. அவர் எலிசபெத் அரசியின் காலத்துக் கணித மேதை. பளிங்குக் கல்லில் தேவதூதர்களைப் பார்த்தவர் அவருடைய கூட்டாளி எட்வர்ட் கெல்லி. டீ கேட்டு எழுதிக்கொண்டார். 1587-இல், இருவரும் தங்கள் மனைவியரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று "கட்டளை" வந்தது. டீ தயங்கினார், கடைசியில் நால்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உருகி உருகி ஜெபம் செய்த மனிதர் அவர். யாருடைய ஆசை யாருடைய வாயில் வந்தது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

முக்கோணம்
அந்த நொடியே கல்லைத் துணியால் மூடியிருக்க வேண்டும். இதில் உங்களோடு சண்டை இல்லை.

நான் சாக்ரட்டீஸின் வழிக்காரன். அவருக்குள் கேட்ட தெய்வக் குரல் அவரைத் தடுக்க மட்டுமே செய்தது, எதையும் செய்யச் சொல்லித் தூண்டியதில்லை. நானும் "வேண்டாம்" என்று வந்தால் அன்றே கேட்பேன். "செய்" என்று வந்தால் ஒரு மாதம் ஊறப்போடுவேன். புதன்கிழமை, உங்கள் நோட்டை எடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத எதையாவது அவர் எத்தனை முறை சொன்னார்?

புதன்கிழமை
எண்ணிப் பார்த்தேன். 34 இரவுகள். 31-இல் நான் கேட்க விரும்பியதே வந்திருக்கிறது. படிக்கவே கூச்சமாக இருந்தது. இரண்டில் "தூங்கு" என்று மட்டும் இருக்கிறது.

இன்னொன்று நான்காவது மாதத்தில். பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "அக்காவிடம் பேசு" என்று பதில். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருக்கிறது. அதன் கீழே நானே "இன்று தொடர்பு சரியில்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் செருப்பைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை, எழுந்து நின்றார் என்றும் குறித்திருக்கிறேன். இதை அடியோடு மறந்துவிட்டேன்.

கரிக்கோடு
அதுவும் நீங்கள்தான் என்பேன். ஆனால் அந்த ஒருவரோடு எனக்கு வழக்கில்லை. பேசினீர்களா?

புதன்கிழமை
இல்லை. அக்காவோடு பேசியே இரண்டு வருடமாகிறது.

முக்கோணம்
இந்தப் புதன்கிழமை படியிறங்க வேண்டாம். ராஜினாமா கடிதமும் ஒரு மாதம் ஊறட்டும்.

புதன்கிழமை
இன்று வெள்ளிக்கிழமைதானே. எண் கைப்பேசியில் இருக்கிறது. எடுத்தால் என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.